வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது

தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்று கம்பெனிக்கு ஃபோன் செய்தால், "வணக்கமுங்க, என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க" என்று இனிமையாக ஒரு குரல் வருமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அநேகமாக அந்த நேரத்தில் பிள்ளையை முறைத்துக்கொண்டிருப்பாள். நானும் அப்படி ஒருத்திதான். பீளமேட்டில் வாடகை வீடு. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மேஜை, அதுதான் ஆபீஸ். கணவர் காலையில் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நாலு வயது மகள் தன்வி மத்தியானமே பள்ளியிலிருந்து வந்துவிடுவாள்.

எங்கள் வேலைக்கு ஒரே சட்டம்தான்: ஃபோனில் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. பேசுவதெல்லாம் பதிவாகும். எங்கள் சூப்பர்வைசர் கவிதா மேடம் அதைக் கேட்டு மார்க் போடுவார். சத்தம் கேட்டால் மார்க் குறையும். குறைந்துகொண்டே போனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி போய்விடும். பிறகு கிணத்துக்கடவு தாண்டி இருக்கும் ஆபீஸுக்குத்தான் தினமும் போகவேண்டும். அப்படிப் போனால் வேனிலிருந்து இறங்கும் தன்வியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, வேலையை விடவேண்டியதுதான். மாமியாரை வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "ரெண்டு மாட்டையும் கூடவே ஓட்டிட்டு வரட்டுங்களா கண்ணு?" என்று கேட்டார். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிற தோழிகளே, உங்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

விசில்

குக்கரை இறக்கிவைத்துவிட்டுத்தான் வேலையில் உட்காருவது என் வழக்கம். அன்று தன்வி ஷூவை ஒளித்துவைத்துவிட்டாள். அதைத் தேடி எடுத்து வேனில் ஏற்றிவிட்டு வருவதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற பெரியவர். ஸ்டார்டரைப் போட்டால் உடனே நின்றுவிடுகிறதாம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு விசில். அதை மறைக்க நான் குரலை உயர்த்தி, "மோட்டாரு எத்தனை ஹெச்.பி.ங்க?" என்று கேட்டேன். அடுத்த விசிலுக்கு, "கரண்டு சரியா வருதுங்களா?" என்று கத்தினேன். அதற்கடுத்த விசிலுக்குக் கேட்க என்னிடம் கேள்வியே இல்லை. பெரியவர் கோபத்தில் கத்தப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அம்மணி, தொவரம்பருப்புன்னா இத்தோட நிறுத்திப்போடுங்க, கொழஞ்சுபோயிரும். நீங்க போயிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கறேன்."

தொட்டி

எங்கள் காம்பவுண்டில் நாலு குடித்தனம். பகலில் வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான் என்று தெரிந்த நாள் முதல் மற்ற மூன்று வீட்டுச் சாவியும் என் ஆணியில் தொங்குகிறது. கூரியர் எல்லாம் என் வாசலுக்கு வருகிறது. சிலிண்டர்க்காரர் என் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார். எதிர்வீட்டு சரோஜாக்கா மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுவிட்டு, "மழ வந்தா எடுத்து வெச்சிருங்க, நீங்க ஊட்டுல சும்மாதானுங்களே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். மாடிக்குப் போனால் ஹெட்செட் வயர் எட்டாது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

இது போதாதென்று தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு நிறுத்துகிற உத்தியோகமும் என் தலையில்தான். ஒருநாள் போட்டுவிட்டு அழைப்பை எடுத்தேன். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று ஒருவர் புலம்பினார். நானும் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆள் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்குள் தொட்டி நிரம்பி, தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே சடசடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. எழுந்து ஓடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவர் கொஞ்சநேரம் அதைக் கேட்டுவிட்டு, ஆற்றாமையோடு கேட்டார்:

"ஏனுங்க, உங்க ஊட்டுல தண்ணி இந்த ஊத்து ஊத்துதே, அது எந்தக் கம்பெனி மோட்டாருங்க?"

லீவு

கணவர் ஒருநாள் லீவு போட்டார். "நீ நிம்மதியா வேலையப் பாரு, பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றார். கேட்கவே மனம் குளிர்ந்துபோனது. அதன்பிறகு கதவைத் திறந்து திறந்து, பாப்பாவின் ஜட்டி எங்கே, சர்க்கரை எங்கே, டிவி ரிமோட் எங்கே என்று கிசுகிசுப்பாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபவுண்டரி இரைச்சலில் கத்திப் பேசியே பழகியவரின் கிசுகிசுப்பு பொள்ளாச்சி வரைக்கும் கேட்டிருக்கும். என்னைப் போலவே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஜெனிஃபரிடம் சொல்லி அழுதேன்.

"எங்க ஊட்டுக்காரரு லீவு போட்டா நானும் சேத்தியே போட்டுருவேனுங்க்கா. பின்ன யாரு அவரைப் பாத்துக்கறது?"

வாங்க

தொண்டாமுத்தூரிலிருந்து கணவரின் அத்தையும் மாமாவும் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களை வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும் வாய் திறந்து "வாங்க" என்று சொல்லவேண்டும். ஒருத்தர் சொல்லாமல் விட்டாலும் அந்தப் பேச்சு அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும். நானோ ஒரு தக்காளித் தோட்டக்காரரோடு பேச்சின் நடுவில் இருந்தேன். ஹெட்செட் வயர் எட்டுகிற மட்டும் போய்க் கதவைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டேன். காதில் மாட்டியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது.

"வாங்கன்னு ஒரு வார்த்தை வரக் காணோம். நின்னு பாட்டுக் கேக்கறா பாருங்க" என்று மாமாவிடம் சத்தமாகவே சொன்னார். அது அந்தப் பக்கம் தோட்டக்காரருக்கும் கேட்டுவிட்டது.

"ஏம்மணி, ஒரம்பரை வந்து வாசல்ல நிக்கறப்ப என்ற மோட்டாரா பெருசு? மொதல்ல அவீங்களை வாங்கன்னு சொல்லிப்போட்டு வாங்க."

புகார்

இப்படி மார்க் கரைந்து கரைந்து, கடைசியில் கவிதா மேடம் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கு வரச் சொன்னார். தன்வியை சரோஜாக்கா ஒரு வாரம் மட்டும் வெளியே எங்கும் போகாமல் இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதன்பிறகு அவர் மகள் வீட்டுக்குப் போகிறார். அந்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் போனேன். ஆபீஸில் ஏசி, அமைதி, நேரத்துக்கு டீ. எடுத்த அழைப்புக்கெல்லாம் முழு மார்க். ஆனாலும் வேன் வருகிற நேரத்தில் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பழைய வாடிக்கைக்காரர் அழைத்தார். எங்கள் பகுதிக்கு மூன்றே பேர்தான் பேசுகிறோம், அதனால் என் குரலும், பின்னால் கேட்கும் தன்வியின் குரலும் அவர்களுக்குப் பழகிவிடும். ஸ்டார்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "ஏனுங்கம்மணி, பின்னால சத்தத்தையே காணோம். பாப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றார். இல்லைங்க, நான் ஆபீஸில் இருக்கிறேன் என்றேன். "அப்ப பாப்பா யாருகிட்ட இருக்குது? சத்தம் இல்லாம எனக்கே என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்றார். பதிவாகிற அழைப்பு என்பதையும் மறந்து மூக்கை உறிஞ்சினேன்.

பக்கத்து மேஜையில் அதை அப்போதே கேட்டுக்கொண்டிருந்த கவிதா மேடம் ஹெட்செட்டைக் கழற்றினார். என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊட்டுச் சத்தம் கேக்கலைன்னு கஸ்டமரே சொல்றாரு, இதுக்கு நான் எங்கீங்க மார்க் போடறது? புகாருன்னு வந்துட்டா சரி பண்ணித்தான ஆகோணும். மேனேஜருகிட்ட நான் பேசிக்கறேன், திங்கக்கிழமை நீங்க ஊட்டுலயே உக்காருங்க."

ஆக, தோழிகளே, நான் வீட்டில் உட்கார்ந்து வேலைதான் பார்க்கிறேன் என்பதை ஆபீஸும் ஒத்துக்கொண்டுவிட்டது, விவசாயிகளும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இனி என் காம்பவுண்டும் சொந்தபந்தமும் என் வீட்டுக்காரரும்தான் பாக்கி.