பக்கத்து வகுப்புக் குரல்

பக்கத்து வகுப்பு அக்கா முதன்முதலாக ஒரு லோரிக்காகப் பேச்சை நிறுத்திய நாள் நினைவிருக்கிறது. மார்ச் மாதம், மூன்றாவது பாடவேளை.

கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டியது எங்கள் இடைநிலைப்பள்ளி. கண்டெய்னர் லோரி கடக்கும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி நடுங்கும். ஆசிரியர்களான நாங்கள் பாதி வாக்கியத்தில் நின்று, சத்தம் போனதும் மீதியைச் சொல்வோம். நான் கூடுதலாக அரை நிமிடம் நிற்பேன். எந்த மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைவுக்கு வர அவ்வளவு நேரம் ஆகும்.

அக்கா நின்றதே இல்லை. பக்கத்து வகுப்பில் வரலாறு எடுப்பவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் பிறந்தவர். வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம், சாப்பாட்டு மேசையில் ஆறு பிள்ளைகள். கத்தினால்தான் குழம்பு கிடைக்கும் என்பார். அந்தக் குரலோடு சரவாக்கில் படகேறிப் போகும் பள்ளி ஒன்றில் நான்கு வருடம், பிறகு ஜெஞ்சாரோம், பிறகு இங்கே. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் பாட்டுக்குழுவில் முதல் வரிசை. முப்பத்தொரு வருடமாக, எந்தப் பள்ளிக்குப் போனாலும், பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவத்தில் படிப்பில் கடைசியான வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். மற்றவர்கள் அந்த வகுப்பைத் தவிர்க்க மருத்துவ விடுப்புகூட எடுப்பார்கள். மற்றவர்கள் என்றால், நான்.

புத்தகத்தைத் திறக்க மாட்டார். சுல்தானாகப் பேசுவார், வெள்ளைக்கார அதிகாரியாகப் பேசுவார், ஈயம் தோண்டும் கூலியாக இருமுவார். பாடம் மலாயில், திட்டு மட்டும் தமிழில். நடுவே இருந்தது பலகைத் தடுப்புதான் என்பதால் என் மாணவர்கள் என்னைப் பார்த்தபடி அவரைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் என் வகுப்பே வரலாற்றில் பிரமாதமாகத் தேறியது. புவியியலைப் பற்றித் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

அப்படிப்பட்டவர் அன்று நின்றார். லோரி போனது. பிறகும் இரண்டு மூன்று நொடி அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் வகுப்பில் நாற்பது தலைகள் பலகைத் தடுப்பை நோக்கித் திரும்பின.

ஏப்ரலில் குரல் கரகரத்தது. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். இஞ்சி, கற்கண்டு, சீனர் கடைக் கசப்பு மூலிகைத் தண்ணி. என் பங்கு, வழக்கம்போல், வாய்தான்.

"என்னாக்கா, நேத்து விடியவிடிய கரோக்கேயா?"

"ஆமா. உன்ன மாதிரி ஒரு தம்பி இருந்தா கத்திக் கத்தித்தான் சாகணும்."

மே மாதம் வரும் எங்கள் ஆசிரியர் தினத்துக்கு, என் வாழ்நாளிலேயே மிகப் புத்திசாலித்தனம் என்று நான் நினைத்த காரியத்தைச் செய்தேன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி, காதோரம் வளைந்து வரும் மைக். எல்லாரிடமும் பத்துப் பத்து வெள்ளி வசூலித்து வாங்கி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். அக்கா மாட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறார் என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

குரல் திரும்பி வந்துவிட்டது. அப்படித்தான் நாங்கள் நம்பினோம். கரகரப்பு மைக்கின் குறை ஆகிவிட்டது. எப்படி இருக்கு என்று கேட்பதையே நிறுத்திவிட்டோம். தேவாலயத்தில் அவர் பாட்டுக்குழுவை விட்டுப் பின்வரிசைக்குப் போனதை யாரோ சொன்னார்கள். வயசாகுதுல்ல என்று இன்னொருவர் சொன்னார்.

ஜூலையில்தான் அந்த இன்னொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், மூச்சு உள்ளே போகும்போது, மெல்லிய விசில். சரியாகச் சாத்தாத கதவிடுக்கில் காற்று நுழைவது போல. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் அதையும் பெரிதாக்கித் தடுப்பு வழியே அனுப்பியது. நான் ஆறுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். சாக்குக் கட்டி அப்படியே நிற்கும். விசில் வருமா என்று காது காத்திருக்கும். வந்துவிடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளமாக.

அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. "அக்கா, பேட்டரி வீக்கு," என்று போய் மாற்றிக் கொடுத்தேன். புது பேட்டரியில் விசில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஒரு நாள் அக்கா தன் பதிவுப் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்துவரச் சொன்னார். தூக்கியபோது ஒரு கடிதம் நழுவி விழுந்தது. பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். படித்து முடித்த பிறகு எப்போதும் நினைவுக்கு வரும். காதுவலி என்று போன கிளினிக்கில், தொண்டையில் ஏதோ இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று எழுதியிருந்தார்கள். 'உடனடியாக' என்பதற்கான மலாய்ச் சொல்லின் கீழே இரண்டு கோடு. தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது.

"போனீங்களாக்கா?"

"எஸ்.பி.எம். பரீட்சை முடியட்டும் லா."

"அதுக்கு இன்னும் மாசக்கணக்குல கெடக்கு."

"வரலாறு ஃபெயிலானா சர்டிபிகேட்டே கெடையாது, தெரியும்ல? இருபத்தெட்டு பேரு. பாதிப் பேருக்கு இது இல்லன்னா நேரா லோரி அட்டெண்டன்ட் வேலைதான். நான் போயி படுத்துட்டா அந்தக் கிளாஸ யாரு எடுப்பா? நீயா?"

'ஆமாம், நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்தேன். அவரும் சிரிக்க முயன்று இருமினார்.

"செராஸ்ல இருக்கா பாரு என் மவ, அவகிட்ட மூச்சு விடாத. ரெண்டு மாசமா மெசேஜ்லயே பேசிச் சமாளிச்சிட்டிருக்கேன். என் குரலக் கேட்டான்னா காரெடுத்து வந்து தூக்கிட்டுப் போயிடுவா."

அவர் கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள். அவளிடம் சொல்வதில்லை என்று சல்யூட் அடித்து வாக்குக் கொடுத்தேன். ரகசியம் காப்பதில் என்னைப் பற்றி யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

மாதிரித் தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பக்கம் மைக் சட்டென்று நின்றது. விசிலும் நின்றது. பையில் எப்போதும் வைத்திருந்த பேட்டரிகளோடு ஓடினேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கை வீசி, நடந்து, சுல்தானாக நிமிர்ந்து, அதிகாரியாக விரல் நீட்டி. வாயிலிருந்து வந்தது வெறும் காற்று. இருபத்தெட்டு பேரும் முன்னால் சாய்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் தூங்குவதற்கென்றே பிறந்த தடியன்கள் உட்பட. முதல் வரிசையில் ஒரு பெண், தலையைத் திருப்பாமல், அக்கா வாயசைத்த ஒவ்வொரு வரியையும் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். தடுமாற்றமே இல்லை. நன்றாகப் பழகியிருந்தாள்.

அவளை வெளியே கூப்பிட்டேன். "எத்தன நாளா இப்படி?"

"மூணு வாரம் இருக்கும் சார். மைக்குலயே கடைசி வரிசை வரைக்கும் கேக்காது. சொன்னா டீச்சர் மனசு கஷ்டப்படும்னு எல்லாம் சேந்து பேசி வெச்சிக்கிட்டோம்."

நான் மைக் கொடுத்தேன், இவர்கள் உதட்டைப் படித்தார்கள். அக்கா மீது இருந்த பாசத்தில் ஆளாளுக்கு ஒரு முட்டுக் கொடுத்து, அவர் எங்கேயும் போகாதபடி நிறுத்தி வைத்திருந்தோம்.

பேட்டரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"அக்கா, என் காடி கீழ நிக்குது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சாக்குக் கட்டியால் கரும்பலகையில் எழுதினார்: மாதிரித் தேர்வு.

"நான் எடுக்குறேன்."

வகுப்பு பதறியது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், நீங்க எடுத்தா நாங்க புவியியல்லயும் சேத்து ஃபெயிலாயிடுவோம்," என்றான். சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது.

அந்தப் பெண் எழுந்தாள். "டீச்சர், அஞ்சாவது பாடம் வரைக்கும் நானே சொல்லிடுவேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு. மிச்சத்த சார் புத்தகத்தப் பாத்துப் படிக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு வகுப்பை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அவர் கேட்காமலே ஒவ்வொரு வரிசையும் தலையாட்டியது. சாக்குக் கட்டியை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து மைக்கைக் கழற்றினார். முகத்தில் கோபம் இருந்தது. பிடிபட்டவரின் கோபம்.

ஆஸ்பத்திரியில் அன்றே கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு கோடு போட்ட கடிதம் வரிசையைத் தாண்ட வைத்தது. மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், சின்ன வயதுப் பெண், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குரல் இப்படி எவ்வளவு நாளா இருக்கு ஆன்டி?"

அக்கா இரண்டு விரல் காட்டினார். "வாரம்," என்று வாயசைத்தார்.

"மார்ச்சுல இருந்து, டாக்டர்," என்றேன். "அஞ்சு மாசத்துக்கு மேல."

காப்பியடித்தவனைப் பார்ப்பது போல அக்கா என்னைப் பார்த்தார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். யாரையோ போனில் கூப்பிட்டு, இன்றைக்கே ஸ்கேனுக்கு இடம் வேண்டும், படுக்கையும் வேண்டும் என்றார். பிறகு என்னிடம், "நீங்க குடும்பமா?" என்று கேட்டார்.

"புவியியல்," என்றேன். பதற்றத்தில் வந்த பதில்.

"குடும்பத்துல யாராச்சும் இப்பவே வரணும்."

அக்கா வெகுநேரம் கைப்பேசியைக் கையில் வைத்திருந்தார். பிறகு மகளின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"மா? என்னாம்மா இந்த நேரத்துல? கிளாஸ் இல்லையா?"

அக்கா பேசினார். கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார்.

"மா, லைன் சரியில்லம்மா. ஒண்ணுமே கேக்கல. வெறும் காத்துதான் வருது. அப்புறமா கூப்புடுங்க."

வைத்துவிட்டாள். அக்கா கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். நான் அதே எண்ணை அழுத்தினேன்.