கேள்வியின் வால்

ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் பாதிப்பேர் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். பொதி கட்டும் மேசையில் எனக்கு எதிரே நிற்கும் மெக்சிகோ அக்காவிடம்தான் அந்த மொழியைப் பொறுக்கினேன். அவர் தந்த முதற்பாடம்: கேள்விக்கென்று தனிச்சொல் தேவையில்லை. "தே பாஸ்" என்று குரலை இறக்கினால், நீ போகிறாய். அதையே கடைசியில் ஏற்றினால், நீ போகிறாயா. நாம் ஒரு 'ஆ'வையோ 'ஓ'வையோ ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க, அவர்கள் எல்லாவற்றையும் தொண்டையில் வைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் பழகினேன். வீட்டில் மனைவிக்கு வகுப்பும் எடுத்தேன். மொழியின் இசை பிடிபட்டுவிட்டது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

அப்போதுதான் கியூபாக்காரப் பெண்ணொருவர் சூப்பர்வைசராக வந்தார். குளிர் அறைக்குப் போக நான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, என்னைப் பார்த்து, "தே பாஸ்" என்றார். குரல் மேலே போய்க் கடைசியில் தொப்பென்று விழுந்தது. இது கேள்வியில்லை, கட்டளை என்று என் புலமை தீர்ப்பளித்தது. காரணம் கேட்க ரோசம் விடவில்லை. பஸ் பிடித்து மல்வேர்னில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"என்னப்பா, இண்டைக்கு வேளைக்கே வந்திட்டியள்?" என்றாள் மனைவி.

"வேலையால நிப்பாட்டிப்போட்டினம்."

"ஏனாம்?"

"கேக்கேல்லை."

அவள் சோறு போட்டு, மீன் துண்டொன்று கூடுதலாக வைத்துத் தந்தாள். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

பின்னேரம் மெக்சிகோ அக்கா போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னதும் நெடுநேரம் சிரித்தார். "ஜாக்கெட்டைப் பார்த்து, வீட்டுக்குப் போகிறாயா என்றுதான் கேட்டார். அவர்கள் ஊரில் கேள்வியும் கீழேதான் விழும். எனக்கே முதலில் குழம்பியது."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"நீ எங்கே என்னைப் பேசவிட்டாய்? எல்லாம் தெரியும் என்றாய்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தாராம். பிறகு ஸ்பானிய மொழியில் வேறேதோ சொன்னார். அதுவும் கீழே விழுந்தது. எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஓம் எனத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அன்று பிக்கரிங்கில் மனைவியின் தங்கை வாங்கிய புது வீட்டுக் குடிபூரல். மனைவி தனியாகப் போய், நான் ஏன் வரவில்லை என்பதை, ஏற்ற இறக்கம் ஒன்றும் குறையாமல் எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறாள்.