டெல்லியில் நின்ற படகு

வளைகுடாவில் நான் பாய்மரப் படகு கழுவிக்கொண்டிருந்தேன். பணக்காரர்கள் லீவு நாளில் ஓட்டுகிற படகுகள். அவர்களில் ஒரு வெள்ளைக்காரர், ஆள் குறைந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வார். பாய் இழுக்கவும் சுக்கான் பிடிக்கவும் அப்படித்தான் கற்றேன். விசா முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது ஒரு பிளாஸ்டிக் செக்ஸ்டன்டும் தடித்த ஆங்கிலப் புத்தகமும் கொடுத்தார். கடல் விளிம்பிலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கிற கருவி அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகப்போவதாகவும், ஜிபிஎஸ் கெட்டாலும் சூரியனை வைத்து இடம் சொல்லும் ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

"கற்றுக்கொண்டு ஒரு கணக்கு அனுப்பு. சரியாக இருந்தால் நீதான்."

சூளை, லாரி, பனியன் கம்பெனி என்று போன இடமெல்லாம், ஆள் கிடைக்காததால் என்னை வைத்துக்கொண்டார்கள். 'நீதான்' என்று யாரும் சொன்னதில்லை.

ஒன்பதாவதோடு நின்றவன் நான். ஆவுடையார்கோவிலில் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடுப்பகலில் சூரியனை அளக்க வேண்டும். தொண்ணூறிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். அன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே என்று அட்டவணையில் இருக்கும். அதைக் கூட்டினால் நாம் எத்தனை பாகை வடக்கே இருக்கிறோம் என்று வந்துவிடும். அந்த முறை பிடிபட்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

வளைகுடாவில் என்னோடு ஒரே ரூமில் கிடந்த கட்டுமாவடிக்காரன் ஒருவன் பைபர் படகு வாங்கியிருந்தான். மே மாத வெயிலில் அவனோடு கடலுக்குப் போய், வலை போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அளந்தேன். எண்பத்தொன்று. தொண்ணூறில் அது போக ஒன்பது. அட்டவணையில் பத்தொன்பது. கூட்டினால் இருபத்தெட்டு. போனில் தேடிப் பார்த்தேன்.

"என்னண்ணே, எங்க நிக்கிறோம்?"

"டெல்லிப் பக்கம்."

"அப்ப அடுத்த வலைய இங்கிட்டு எறக்கவா, செங்கோட்டைக்கு அங்கிட்டு எறக்கவா?"

திரும்பத் திரும்ப அளந்தேன். அதேதான் வந்தது. கருவி கோளாறாக இருக்கும், அவர் பார்த்தால் சொல்வார் என்று கணக்கைப் படம் பிடித்து அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. நல்ல முயற்சி, வேறு ஆள் கிடைத்துவிட்டான், வாழ்த்துகள்.

சில நாள் கழித்து அறந்தாங்கி பஸ்ஸுக்கு உச்சி வெயிலில் நின்றேன். மின்கம்பத்தின் நிழல் தெற்கே விழுந்திருந்தது. வெயிலைத் தவிர வேறெதுவும் அதிகமாகக் கிடைக்காத ஊரில் பிறந்தவன், மேயில் நிழல் தெற்கே திரும்புவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புத்தகத்தின் முதல் கணக்குகள் எல்லாம் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கிற நாட்டுக்கானவை. நமக்கு மே மாதத்தில் அது தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். அப்போது கூட்டக் கூடாது. பத்தொன்பதில் ஒன்பது போனால் பத்து. கட்டுமாவடி பத்துதான்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். பின்னால் ஒரு பக்கத்தில் அது தெளிவாகவே இருந்தது. அந்த ஆங்கிலத்துக்குப் பயந்துதான் நான் அங்கே போகவில்லை. அது என் தப்புதான். ஆனால் அவர் பாதி உலகத்தைப் படகில் சுற்றியவர். என் கணக்கைப் பார்த்த நிமிஷமே என்ன பிசகு என்று தெரிந்திருக்கும். அளந்ததில் தப்பே இல்லை என்றும் தெரிந்திருக்கும். 'கழித்துப் பார்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

திருத்திய கணக்கை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அத்தோடு சரி.

ஜூனில் இன்னொரு முறை படகில் அளந்து, இந்தத் தடவை கழித்தேன். பத்து.

"இப்ப எங்கண்ணே?"

"கட்டுமாவடிக்கு நேர் கிழக்க."

"கரைதான் தெரியுதே. மீன் எங்க நிக்கிதுன்னு அதுல வராதா?"

"வராது" என்றேன். கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, வலையின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன்.