முத்துக் குளித்தவர் பேரனும் என் கைக் கயிறும்

நாலு வருஷத்துக்கு முன்னால், தை மாதம். திருச்சுழி பக்கம், பரளச்சிக்கு அருகில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மிளகாய்த் தோட்டம். கணவருக்குத் துபாயில் வேலை. வெள்ளாமை முழுக்க என் பொறுப்பு. செடிகள் பூவும் பிஞ்சுமாய் நின்ற நேரத்தில் கயிறு அறுந்து, கிணற்றில் தொங்கிய மோட்டார் அடியில் போய் விழுந்துவிட்டது. அந்த வருஷம் நல்ல மழை. கிணற்றில் முப்பது அடி தண்ணீர். முங்கிப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் பாதியிலேயே மேலே வந்துவிட்டார்கள். எட்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் இலைகள் துவளத் தொடங்கின.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடற்கரை ஊரிலிருந்து சங்கு குளிப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். முப்பது வயதிருக்கும். அவருடைய தாத்தா முத்துக் குளித்தவராம். அது நின்றுபோன பிறகு அப்பாவும் இவரும் சங்குக்கு மாறியிருக்கிறார்கள். தாத்தாவின் கல்லையும் கொண்டு வந்திருந்தார். அதன்மேல் காலை ஊன்றி நின்றால் விறுவிறுவென்று அடிக்கு இறக்கிவிடும். அவர் இடுப்பில் தனியாக ஒரு கயிறு. அதன் மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு தடவை சுண்டினால் உடனே இழுக்க வேண்டும்.

"எங்க பக்கம் பொண்டாட்டி கூடப்பொறந்தவனத்தான் கயித்துல நிறுத்துவாக அக்கா. தங்கச்சி தாலிய நெனச்சு கண்ண எடுக்க மாட்டான்ல. என் மச்சினனுக்குக் காச்சல், வரல" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டாரைத் தூக்க டிராக்டரில் கொக்கி மாட்டிய வடம் கட்டிக்கொண்டிருந்தார். "நான் புடிக்கிறேன் தம்பி" என்றேன்.

ஃபியூஸைப் பிடுங்கியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார். அந்த நேரம் பார்த்துத் துபாயிலிருந்து போன். கயிறு ஒரு கையில், போன் ஒரு கையில். என்னை அறியாமல் கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, கயிறு துடிக்குது பாரு!" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கத்தினார்.

போனைப் போட்டுவிட்டு இழுத்தேன். நகரவே இல்லை. அவரும் ஓடிவந்து சேர்ந்து இழுத்த பிறகுதான் ஆள் மேலே வந்தார். மோட்டார் வயர் காலில் சுற்றிக்கொண்டதாம். கணுக்கால் தோல் உரிந்திருந்தது. படியில் ஒதுங்கி வெகுநேரம் இருமினார்.

"வேணாம் தம்பி. மெளகா போனாப் போகுது, நீங்க கெளம்புங்க" என்றேன்.

"மோட்டாரு கெடக்குற எடத்தப் பாத்துட்டேன் அக்கா. எடுக்காமப் போகமாட்டேன்."

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். கயிற்றைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் நீட்டினேன். சங்கு குளிப்பவர் தடுத்துவிட்டார்.

"நீங்களே புடிங்க. இனி ஊரே தீப்புடிச்சாலும் நீங்க திரும்பிப் பாக்க மாட்டீக."

கிணற்றுச் சுவரோரம் முட்டி போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே கிடந்த போன் விடாமல் அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது கயிறு இரண்டு தடவை சுண்டியது. உள்ளங்கை எரிய எரிய இழுத்தேன். தண்ணீருக்கு மேலே முதலில் அவருடைய கைதான் வந்தது, கொக்கி மாட்டிவிட்டதாகச் சைகை காட்டிக்கொண்டு. டிராக்டர் நகர, மோட்டார் ஏறியது. மறுநாள் மாலை வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

அன்று அவர் என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் நாலு நாள் அழுது மறந்திருப்பேன். தப்பு செய்த கையிலேயே தன் உயிரை மறுபடி கொடுத்தாரே, அதனால்தான் இன்றைக்கும் யாராவது என்னை நம்பி ஒன்றை ஒப்படைத்தால், அது முடியும்வரை என் கண் வேறு பக்கம் போவதில்லை.