எவரும் கேட்காமலேயே

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டுகிற தெம்பு எனக்கு இல்லை. ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம். முட்டிவலி, தூக்கமின்மை, இருபத்தாறு வருடம் டைப் அடித்து வளைந்துபோன விரல்கள்... இதுதான் நான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதுவும் நடந்தது ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். ஒரு சனிக்கிழமை மதியம்.

பெரியவர் இறந்து அன்று பதினோராவது நாள். ரயில்வேயில் எங்கள் கோட்டத்துக்கே தலைமை அதிகாரி அவர். நூலகம், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கு ஒரு கூடம், பூங்காவில் பெஞ்சுகள் என்று ஊரில் எந்த நல்ல காரியத்தைத் தொட்டாலும் அதில் அவர் கை இருக்கும். மாலை ஆறு மணிக்கு அவருக்கு நினைவுக் கூட்டம். நான் அவருடைய ஸ்டெனோ. "உங்களுக்குத்தாம்மா அவரை நல்லாத் தெரியும், நீங்களே எழுதி வாசிச்சிடுங்க" என்று புகழுரையை என் தலையில் கட்டிவிட்டு, எல்லோரும் நாற்காலி போடப் போய்விட்டார்கள்.

பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடிதத்தையும் அவர் கண்ணால் படிக்க மாட்டார். நான் என் மேஜையில் இருந்தபடி சத்தமாக வாசிக்க வேண்டும். உள்ளறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வாயைத் திறக்க மாட்டார். என் மேஜையில் ஒரு பெல் இருக்கும், அதன் பொத்தான் அவர் அறையில். ஒருமுறை அடித்தால் சரி, மேலே போகலாம். இரண்டுமுறை அடித்தால் அந்த வரி தப்பு, மாற்ற வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதைவிட அந்த பெல் பேசியதுதான் அதிகம்.

மணி 2.40. டைப் அடித்து முடித்தேன். ஆபீஸ் மாடியில் ஈ காக்கை இல்லை. அவர் அறை பூட்டியிருந்தது. சாவி என் பையில். பழக்கதோஷத்தில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.

"நூலகத்துக்குத் தம் சொந்த நிலத்தைத் தந்தவர்..."

ட்ர்ர்ங்.

பழைய கட்டடம், எலி வயரைக் கடித்திருக்கும் என்று நினைத்தேன். பயப்படக்கூட அலுப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வரியை வாசித்தேன். மறுபடியும் ஒருமுறை அடித்தது. எலிக்கே என் உரை பிடித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

2.52. அடுத்த வரி.

"எவரும் கேட்காமலேயே, பள்ளிப் பிள்ளைகளுக்காக நடைமேம்பாலம் கட்டித் தந்தவர்..."

ட்ர்ர்ங். ட்ர்ர்ங்.

வாசிப்பதை நிறுத்தினேன்.

பத்திரிகைகள் எல்லாம் எழுதிய வரிதான் அது. பாலத்தில் கல்வெட்டாகவும் வரப்போகிறது. ஆனால் அது பொய் என்று எனக்குத் தெரியும். பாலம் கேட்டவர் தண்டவாளத்தில் வேலை பார்த்த ஒரு கேங்மேன். ஒன்பது மனு போட்டார். ஒன்பதிலும் 'மேலதிகாரி வழியாக வரவில்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியது நான். விதி அப்படி. ஒன்றுகூடப் பெரியவர் காதுக்குப் போகவில்லை.

பிறகு ஒருநாள், தண்டவாளத்தைத் தாண்டிய ஒரு பையனைக் காப்பாற்றத் தள்ளிவிட்டு, அந்த மனிதர் ரயிலில் அடிபட்டுச் செத்தார். ஒன்பதாவது மனு அவர் சட்டைப்பையில் இருந்தது. பெரியவர் தன் கண்ணால் படித்து நான் பார்த்த காகிதம் அது ஒன்றுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாதத்தில் பாலம் எழும்பியது. உண்மையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது சொன்னால் அந்த முத்திரை யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

3.05. "பிள்ளைகளின் கஷ்டத்தைத் தாமே உணர்ந்து" என்று மாற்றி வாசித்தேன்.

ட்ர்ர்ங். ட்ர்ர்ங்.

3.09. பாலத்தையே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ட்ர்ர்ங். ட்ர்ர்ங்.

எழுந்து போய் அவர் அறையைத் திறந்தேன். காலி. நாற்காலியில் தூசி. பெல்லை அடிக்கும் பொத்தான் என் கண்ணெதிரே. அதை யாரும் தொடவில்லை.

வெளியே, என் மேஜையில்...

ட்ர்ர்ங். ட்ர்ர்ங்.

"போதும் சார்... என்னால முடியல."

பெல் நின்றது.

3.20. உட்கார்ந்து புதிதாக டைப் அடித்தேன். வாசித்தேன்.

"பாலம் வேண்டும் என்று ஒரு கேங்மேன் ஒன்பது முறை கேட்டார். ஒன்பது முறையும் நான் திருப்பி அனுப்பினேன்."

காத்திருந்தேன்...

ட்ர்ர்ங்.

ஒரே ஒருமுறை.

ஆறு மணிக்கு அப்படியே வாசித்தேன். யாரும் கை தட்டவில்லை. மேடையை விட்டு இறங்கியபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பெரியவரின் மனைவி மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நாள் ஆஸ்பத்திரியில உன்னைக் கூப்பிடச் சொன்னாரும்மா. ஒரு வரி தப்பா இருக்கு, மாத்தணும்னாரு. ஏதோ மயக்கத்துல பேசுறாருன்னு நான்தான் உனக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

"எந்த வரிம்மா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தம்மா அதை இன்னும் எழுதலை'ன்னாரு."