மண் வகைகள்

ததேயுஸுக்கு நாற்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஆழ்கடல் தூண்டில் படகில் ஏறியவர். கைகளில் தழும்பில்லாத இடம் இல்லை.

"பத்து பாசாயிட்டு வா, படக ஓட்டுத வேலை தாறேன்" என்றார் முதலாளி. தூண்டிலைத் தொடாமல் சம்பாதிக்க ததேயுஸுக்கு இருந்த ஒரே வழி அது.

குழித்துறையில் வாங்கிய பத்தாம் வகுப்பு கைடை பாலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார். மனைவி சபிதா பிளஸ் டூ படித்தவள். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கரையில் தேவாலயப் பங்கு மன்றத்து வயர்லெஸ் முன் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். படகிலிருந்து ததேயுஸ் பொத்தானை அழுத்திப் பதில் சொல்வார். ஊர்ப் படகுகள் அத்தனைக்கும் ஒரே சானல். ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்றவர் பேச்சு யாருக்கும் கேட்காது.

விரலை எடுத்ததும் பக்கத்துப் படகிலிருந்து சுபின் நுழைவான்.

"பேரன் எடுக்குத வயசுல பரீட்சையா? டீச்சரம்மா, மாமனுக்கு ஒரு முட்டை போடுங்க."

மற்ற படகுகளும் சிரிக்கும். மீதிப் பதில் மறந்துபோகும்.

"கைய எடுத்தாதானே பேசுவானுவ. முழுசாச் சொல்லிட்டு எடுங்க" என்றாள் சபிதா.

அந்த வியாழக்கிழமை கேட்டது இந்தியாவின் மண் வகைகள். ததேயுஸ் திக்கினார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான்கு நிமிடம் விரலை எடுக்கவில்லை.

எடுத்தபோது சிரிப்பு வரவில்லை. சுபின் கதறிக்கொண்டிருந்தான். அவன் படகின் புரொப்பல்லரில் கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. அறுக்க இறங்கிய கூட்டாளி ஷிபுவை நீரோட்டம் இழுத்துப் போயிருந்தது. அருகில் இருந்தது ததேயுஸின் படகு மட்டும்தான்.

இரண்டு நாள் தேடினார்கள்.

"நாங்க தொண்ட கிழியக் கத்துனோம். இவரு கரிசல் மண்ணு சொல்லிட்டிருந்தாரு" என்று சுபின் ஊரெல்லாம் சொன்னான். தான் சிரித்த நாட்களைப் பற்றிச் சொல்லவில்லை.

உடல் இல்லாமலே பூசை நடந்தது. முடிந்ததும் ஷிபுவின் மனைவி அஜிஷா கோயில் வாசலில் ததேயுஸை நிறுத்தினாள். கையில் போன் இருந்தது.

"அண்ணே, அன்னைக்குப் படிச்ச பாடத்தச் சொல்லும்."

"மறந்துட்டு மக்கா."

"சொல்லும்."

சுற்றிலும் ஊர் நின்றது. வண்டல் மண் ஆறுகளால் படியவைக்கப்படுகிறது என்று ததேயுஸ் தொடங்கினார். கரிசல் மண்ணோடு நிறுத்தினார்.

அஜிஷா போனில் ஓடிய நேரத்தைப் பார்த்தாள்.

"ஒரு நிமிசந்தான் ஆச்சு. அவருக்கு நல்லா நீச்சல் தெரியும். இன்னும் மூணு நிமிசம் சொல்லும்."

ததேயுஸ் செம்மண்ணைச் சொல்லத் தொடங்கினார்.