அரியரத்தினம் அண்ணனும் புதன்கிழமைச் சோறும்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மம்பாவில் அரியரத்தினம் அண்ணனுக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பேசினார். “காக், பாக்சிக் சூடா தாடா,” என்றார். ‘பாக்சிக்’ என்றால் பெரியவர், ‘தாடா’ என்றால் இல்லை. அண்ணன் வீட்டில் இல்லை என்றுதான் எனக்குப் புரிந்தது. பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று மலாயிலேயே பதில் சொன்னேன். அந்த அம்மா அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். ‘அவசரத்துக்கு’ என்று எழுதி, கீழே ஒரே ஒரு எண். என் எண். எழுபத்தெட்டு வயது வாழ்ந்த மனிதருக்கு என்னை விட்டால் எழுத வேறு எண் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். 

சபை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று போதகர் கேட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கிப் பேச வராது என்பது சபைக்கே தெரியும். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதவும் வராது. பல வருடங்களாக அவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதையும் சொன்னால்தான் இது அஞ்சலி.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர் கிராணி, அதாவது ஆபிசில் பேர் எழுதுகிறவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். என் அம்மா பால்மரம் வெட்டினவர். விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுக்கும்போது நானும் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மற்ற கிராணிகள் “ஏய்” என்பார்கள். இவர் மட்டும் “சின்னம்மா, வந்தாச்சா?” என்று அம்மாவின் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதெல்லாம் சரிதான். ஆனால் ஒருநாள் அவர் வீட்டுக்கு விறகு கொண்டுபோன அம்மாவுக்கு அவருடைய தாயார் பின்வாசலில் வைத்து, தனித் தகர டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலில் ஒரே பாட்டுப் பாடுகிற சனம்! அந்தத் தகர டம்ளர் என் மனதை விட்டுப் போகவேயில்லை.

தோட்டம் கைமாறி, ரப்பருக்குப் பதில் செம்பனை வந்து, நாங்கள் எல்லாம் டவுன் பக்கம் சிதறிய பிறகு மம்பாவ் சபையில் அவரை மறுபடி பார்த்தேன். அங்கே ஒரு சின்ன அயல்நாட்டு உதவிக் குழு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு ஊரில் கிணறு, இன்னோர் ஊரில் தையல் மெஷின் என்று எங்களுக்கு எட்டியதைச் செய்தோம். ஆரம்பத்தில் நீண்ட மேசை நிறைய ஆள் இருந்தார்கள். சிலர் கர்த்தரிடம் போனார்கள், சிலர் கோலாலம்பூரில் பிள்ளைகளிடம் போனார்கள். கடைசியில் அவரும் நானும்தான் மிச்சம். கல்யாணமே செய்யாதவர் அவர். புதன்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் கூட்டம் நடக்கும். இரண்டு பேருக்கும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார். “உட்காருங்கண்ணே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது,” என்பேன். சிரிப்பார், ஆனால் உட்காரமாட்டார்.

எங்கள் கடைசி வேலை இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றின் பாலர் பள்ளி. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் அங்குள்ள மெற்றில்டா ரீச்சருக்குக் கடிதம் எழுதினார். ‘பாடம் தொடங்குமுன் பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுங்கள்.’ நம் ஊரில் பசியாறுவது என்றால் என்ன? காலையில் ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும். அவித்த கடலையும் தேநீரும் கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் ஒரு மாதத்துக்கு ஏற்பாடு செய்தோம். பாதி மாதத்தில் ரீச்சர் கூப்பிட்டார். சாமான் எல்லாம் முடிந்துவிட்டதாம். சோறும் பருப்பும் ஆக்கி, கேட்கிற பிள்ளைக்கு மறுபடி மறுபடி போட்டிருக்கிறார்கள். “நீங்கள்தானே பசியாறக் குடுக்கச் சொல்லி எழுதினனீங்கள், ஐயா?” என்றார் ரீச்சர்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அடக் கடவுளே! காலைச் சாப்பாடுன்னு விளக்கி எழுதிடுங்கண்ணே,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. 

“வேணாம் தங்கச்சி. அவங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க. நாமதான் அந்தச் சொல்லைச் சின்னதாக்கி வச்சிருக்கோம். இனிமே அப்படியே நடக்கட்டும்.”

அப்படியே நடந்தது. அவர் காரை விற்றுவிட்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினார். இந்த வயதில் மழையில் மோட்டார் தேவையா என்று நான் கத்தினேன். காதில் வாங்கவில்லை. இனி எழுத்தை நம்பமாட்டேன், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று தினமும் நானே போனில் கேட்டுக்கொள்வேன் என்றார். எத்தனை மணிக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இனிமேல்தான் என் கோபம். புதன்கிழமை வரும்போது நான் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும், செய்து எடுத்துப்போவேன். தனி ஆள், வீட்டில் என்ன சமைக்கப்போகிறார் என்ற எண்ணம்தான். ஒருநாள்கூட என் முன்னால் அவர் பொட்டலத்தைப் பிரித்ததில்லை. “அப்புறம் பசியாறிக்கிறேன் தங்கச்சி,” என்பார். மணி பத்தே காலைத் தொட்டதும் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு, பொட்டலத்தை மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஒருத்தியாக உட்கார்ந்து என் பங்கைத் தின்றுவிட்டு மேசையைத் துடைப்பேன். ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, வருடக்கணக்கில். மனிதருக்கு என்ன தோன்றும்? அந்தத் தகர டம்ளர்தான் தோன்றும். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடும் வாய்க்கு என் கைச் சோறு மட்டும் ஆகாதா?

ஒரு புதன்கிழமை கேட்டேவிட்டேன். “எங்க கைச் சோறு கிராணி வீட்டுத் தொண்டையில இறங்காதோ?”

அவர் முகம் செத்துப்போயிற்று. ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். “அப்படி இல்ல தங்கச்சி,” என்றார். வேறென்ன என்று சொல்லவில்லை. மணியைப் பார்த்தார், போய்விட்டார். நான் இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. அவர் வழக்கம்போலக் கூட்டம் நடத்தி, குறிப்பும் எழுதி எனக்கு அனுப்பினார். ‘வந்தவர்: ஒருவர். ஜெபம் செய்தவர்: அவரே.’ அதைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். மூன்றாம் வாரம் நாசி லெமாக்கோடு போனேன். வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தூக்குவதற்கே ஆள் பற்றாமல் பக்கத்து வீட்டு அம்மாவின் இரண்டு மகன்கள் வந்து தோள் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அவருடைய கைப்பேசியையும் வீட்டுச் சாவியையும் என்னிடம் தந்தார்கள். மண் போட்டுவிட்டு வந்த பிறகும் எனக்கு அந்த ஒரு கேள்விதான். இந்த மனிதர் என்னைச் சமமாக நினைத்தாரா, இல்லையா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவர் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணிக்கு அவர் கைப்பேசி அடித்தது. மன்னாரில் அப்போது எட்டு மணி.

“ஐயா, மூண்டு நாளா எடுக்கேல்ல. சுகமில்லையோ? பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள்,” என்றார் மெற்றில்டா ரீச்சர்.

நான் யார் என்று சொன்னேன். அண்ணன் போய்விட்டதைச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டுச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. ரீச்சர் மெதுவாகப் பேசினார்.

“ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு எடுப்பார் அம்மா. நாங்கள் போனை நடுவில வைப்பம். பிள்ளையள் இஞ்ச சாப்பிட, ஐயா அங்க இருந்து சாப்பிடுவார். தனியச் சாப்பிட ஏலாதாம், தொண்டையால இறங்காதாம். இதை வெளியில சொன்னால் வெக்கம் எண்டவர். புதன்கிழமையில மட்டும், இண்டைக்கு என்ர தங்கச்சி கட்டித் தந்த சோறு எண்டு சொல்லி, ஒவ்வொண்டா விவரிப்பார். தேங்காய்ப்பால் சோறாம், நெத்தலியாம், முட்டையாம். பிள்ளையளுக்கு அது புதன்கிழமைச் சோறு.”

 பாவி, நான் என்ன கேள்வி கேட்டேன் அந்த மனிதரை! ‘என்கூட உட்காருங்கண்ணே, அந்தப் பிள்ளைகளோடு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்’ என்று சொல்ல எனக்கு எத்தனை புதன்கிழமைகள் இருந்தன!

அதற்குள் ஒரு சிறு பெண்பிள்ளையின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. “நீங்களோ புதன்கிழமைச் சோத்து மாமி?”

“ஆமா கண்ணு.”

“உங்கட சோறு சாப்பிடேக்க தாத்தா அழுறவர். ஏன் எண்டு கேட்டால், மாமின்ர சம்பல் சரியான உறைப்பு எண்டுவார்.”

எனக்கு வயிற்றுப்புண். எத்தனையோ வருடமாக என் சம்பலில் காரமே சேர்ப்பதில்லை.

“ஆமா கண்ணு, மிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றேன்.

நீங்கள் சொன்ன பொய்யை நானும் காப்பாற்றிவிட்டேன், அண்ணே. நிம்மதியாகப் போங்கள்.